சுவிட்ச் இல்லாத விளக்கு

கெடாவின் மேற்குக் கரையில், ஜெராய் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது யான் மாவட்டம். மூடா பாசனத் திட்டத்தின் தண்ணீரால் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் வயல்கள். அந்த வயல்களுக்கு நடுவே, வாய்க்கால் கரையை ஒட்டி, நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும் ஒடுங்கிய சாலைகள். அறுவடைக் காலத்தில் நெல் லோரிகளும் அறுவடை இயந்திரங்களும் அந்தச் சாலைகளில் ஏறி இறங்கும். விடியற்காலையிலும் அந்தியிலும் பள்ளிப் பிள்ளைகள், மீன்காரர்கள், குரூணுக்கும் சுங்கை பட்டாணிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறவர்கள் என்று மோட்டார்கள் வரிசை கட்டும். மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஓட்டுகிறவர் கண்ணை எடுக்கப் பயப்படுவார். எதிரே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் நேர்ச்சாலையில்தான் அந்தப் பயம் விட்டுப்போகிறது. கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. 2009இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வுக் கழகம் லோரிகளுக்குள் கேமரா பொருத்தி எடுத்த பதிவுகளை ஆராய்ந்தது. குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே ஓட்டியவர்கள், விபத்தோ மயிரிழையில் தப்பிய நிலையோ நேர்ந்த 6 வினாடிகளில் 4.6 வினாடி சாலையைப் பார்க்கவே இல்லை. அதை யான் சாலையில் வைத்துக் கணக்குப் போடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் அந்த 4.6 வினாடியில் 77 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடக்கிறார். 90இல் போகிறவர் 115 மீட்டர். வயல் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் சாலையில் ஏறுவதற்கு அதில் பாதி நேரம் போதும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு. 1959ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து விதிகளில் உள்ள 17ஏ விதி, ஓட்டும்போது கையில் கைப்பேசி வைத்திருப்பதைத் தடுக்கிறது. பிடிபட்டால் 300 வெள்ளி சம்மன். இது தெரியாத ஓட்டுநர் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பிடிபட வேண்டுமே! ஓடும் காருக்குள், மடியில் வைத்துப் பார்க்கும் கைப்பேசி சாலையோரம் நிற்கும் போலீஸ்காரர் கண்ணில் படுவது அபூர்வம். பண்டிகைக் காலங்களில் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் சாதாரணப் பயணிகளைப்போல விரைவு பஸ்களில் ஏறி, கைப்பேசி பார்க்கும் ஓட்டுநர்களைப் பிடிக்கிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு அது. என்றாலும் ஒரு பஸ்ஸுக்கு ஓர் அதிகாரி என்று ஏற்றினால் எத்தனை பஸ்ஸுக்கு ஏற்ற முடியும்? 2016இல் இந்த நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். அதன் பிறகும், ஊரடங்குக் காலத்தைத் தவிர, ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் மோட்டாரில் போனவர்கள். இத்தனை சாவுக்கும் கைப்பேசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இறந்தவரின் கையில் கடைசி நொடியில் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் பதிவாவதே இல்லை. பதிவாகாத காரணம் யாரையும் உறுத்தாது என்பதும் நம் சிக்கலில் ஒரு பாதி.

கைப்பேசியைக் காதில் வைக்காமல் புளூடூத் மாட்டிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆனால் ஆய்வு அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. கனடாவின் டொரோன்டோ நகரில், கைப்பேசி வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணக் கணக்குகளை இரண்டு ஆய்வாளர்கள் வாங்கி, விபத்து நேர்ந்த நிமிடத்தோடு ஒப்பிட்டார்கள். முடிவு 1997இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் அதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்து பேசுகிறவர் சாலையைப் பார்க்கிறார். முன்னால் லோரி திரும்பினால் பேச்சை நிறுத்துகிறார். தொலைவில் இருந்து பேசுகிறவருக்கு லோரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார், ஓட்டுகிறவர் பதில் தேடிக்கொண்டே இருப்பார். கண் சாலையில் இருந்தும் மனம் அங்கே இல்லாத நிலை அது.

ஆகவே அறிவுரை, அபராதம், புளூடூத் மூன்றும் தனித்தனியாக நின்று தோற்கின்றன. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பயணத்திலும், ஒவ்வொரு முறை கைப்பேசி ஒலிக்கும்போதும், ஓட்டுகிறவர் புதிதாக மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவை எதிர்பார்க்கின்றன. அந்தப் பொறுப்பை மனிதனின் மன உறுதியிலிருந்து எடுத்துக் கருவியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் வாதம். இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. பகலில் மோட்டார் விளக்கை எரியவிட வேண்டும் என்று மலேசியா 1992இல் விதி கொண்டுவந்தது. வெயிலில் எதற்கு விளக்கு, பேட்டரி போய்விடாதா என்று கேட்கத் தோன்றும் விதிதான். ராடின் உமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் ஆராய்ந்து, மோட்டார் கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாக 1996இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான மோட்டார்களில் முன்விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. சாவியைத் திருப்பி இயந்திரத்தை முடுக்கினால் விளக்கு எரியும். இன்றைய இளைஞன் விளக்கை மறப்பதில்லை, மறப்பதற்கு வழியில்லை. போலீசுக்கும் அந்த வேலை மிச்சம்.

கைப்பேசிக்கும் இப்படி ஒரு விளக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2017இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களில் ஒரு வசதியைச் சேர்த்தது. கைப்பேசி தன் அசைவையும் காரின் புளூடூத் இணைப்பையும் வைத்து, வாகனம் ஓடுகிறது என்று தானே கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் திரையை இருட்டாக்கிவிடும், தகவல் வந்ததைச் சொல்லாது, அனுப்பியவருக்கு ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று தானே பதில் அனுப்பும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இதுபோன்ற வசதி வந்துவிட்டது. சொல்லப்போனால் ஓட்டுநரின் கைப்பேசியைப் பூட்டும் முறைக்கு ஆப்பிள் 2008ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 2014இல் பெற்றும் விட்டது. தொழில்நுட்பம் காத்திருக்கிறது, நாம்தான் அதைத் தொடவில்லை. வசதி வந்த அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் ஐபோன் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தது. வாகனம் ஓடும்போது தானாக இயங்கும்படி அதை வைத்திருந்தவர் ஐவரில் ஒருவர்தான். காரணம் எளியது: வாங்கும்போது அது மூடிய நிலையில் வருகிறது. அமைப்புகளுக்குள் நுழைந்து தேடி எடுத்துத் திறந்துவிடுகிறவர், பெரும்பாலும், அது இல்லாவிட்டாலும் கவனமாக ஓட்டக்கூடியவர். யாருக்குத் தேவையோ அவரிடம் அது போய்ச் சேரவில்லை. திறந்த நிலையில் விற்று, வேண்டாதவர் மூடிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு உடனே எழும் மறுப்பு, பயணிகளைப் பற்றியது. காரில் ஐந்து பேர் போகிறார்கள். ஓட்டுகிறவர் ஒருவருக்காக மற்ற நால்வரின் கைப்பேசியையும் முடக்குவதா? நியாயமான கேள்வி. ஓட்டுகிறவரையும் பயணியையும் பிரித்தறிவது கடினம், ஆனால் முடியாததன்று. 2011இல் நியூ ஜெர்சி ஆய்வாளர்கள் சிலர் காரின் ஒலிபெருக்கிகளைக் கொண்டே இதைச் செய்து காட்டினார்கள். இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் மெல்லிய ஒலியை எழுப்புகிறார்கள். எந்த ஒலி முந்தி வந்து சேர்கிறது என்று கைப்பேசி அளக்கிறது. அது எந்த இருக்கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. இதைவிட எளிய வழியும் உண்டு. 2016இல் உலகையே பிடித்தாட்டிய போக்கிமான் கோ விளையாட்டில், வேகமாக நகர்ந்தபடி விளையாடினால் ‘நான் பயணி’ என்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அழுத்திப் பொய் சொல்லலாம்தான். ஆனால் பழக்கத்தில் தானாக நீளும் கையை அந்த ஒரு பொத்தான் நிறுத்திக் கேட்கிறது. அந்தப் பொய்யை ஓர் ஓட்டுநர் சொன்ன நேரம் கருவியில் பதிவாகியிருந்தால், விபத்து நடந்த பிறகு நீதிமன்றத்தில் அது பேசும். நாலு பேருக்கு ஒரு பொத்தானை அழுத்தும் சிரமம். எதிரே வருகிறவருக்கு உயிர். இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வீட்டில் ஓர் அவசரம் என்றால் என்ன செய்வது என்பதும் பலரின் கவலை. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று மகனைக் கூப்பிட்டால் கைப்பேசி ஊமையாக இருந்தால்? இந்த வசதியை வடிவமைத்தவர்கள் அதை யோசிக்காமல் இல்லை. 999ஐ எப்போதும் அழைக்கலாம். தேர்ந்தெடுத்த சிலர், அவசரம் என்று இரண்டாவதாக ஒரு தகவல் அனுப்பினால் அது பூட்டைத் தாண்டி வந்து சேரும்படி வைக்கலாம். வேஸ், கூகல் மேப்ஸ் போன்றவை குரலில் வழி சொல்வதும் நிற்காது. உண்மையில் நம் வீடுகளில் நடப்பது வேறு. வேலை முடிந்து கிளம்பியவரை ‘எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது அக்கறைதான். அந்த அக்கறைக்குப் பதில் சொல்லத்தான் ஒரு கை பிடியை விட்டு இறங்குகிறது. ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று கருவியே சொல்லிவிட்டால், கேட்டவருக்கும் நிம்மதி, ஓட்டுகிறவருக்கும் நெருக்கடி இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் காருக்குப் பொருந்தும். நம் ஊரில் சாகிறவர்கள் மோட்டாரில் போகிறவர்கள் என்பதால் வாதத்தின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது. தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே கைப்பேசியைச் செருகிக்கொண்டு பேசியபடி போகிறவர்களை எந்தப் பட்டணத்திலும் பார்க்கலாம். உணவு, பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞர்களுக்குக் கைப்பேசி வேலைக் கருவியே ஆகிவிட்டது. கைப்பிடியில் மாட்டியிருக்கும் திரையில்தான் அடுத்த ஆர்டர் வருகிறது, அதைச் சில வினாடிகளுக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்ற தவிப்பும் கூடவே வருகிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 300 வெள்ளி சம்மன் அவர்களுக்குச் சில நாள் கூலி. ஆர்டரை எப்போது திரையில் காட்டுவது என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் மென்பொருள். மோட்டார் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதும் அந்த மென்பொருளுக்குத் தெரியும், ஏனென்றால் வாடிக்கையாளரின் திரையில் அந்த மோட்டார் ஊர்ந்து வருவதை அதுதான் காட்டுகிறது. ஓடும்போது ஆர்டரை மறைத்து வைத்து, நின்ற பிறகு காட்டு என்று சொல்வதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. இவர்களைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கான மசோதாவை 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. ஊதியத்தையும் காப்புறுதியையும் பற்றிப் பேசும்போது, ஓடும் வண்டியில் ஆர்டர் காட்டக் கூடாது என்ற நிபந்தனையையும் கேட்டு வாங்க வேண்டும்.

மோட்டார் செய்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மலேசியாவின் முதல் தேசிய மோட்டார் நிறுவனமான மோடெனாஸ் 1995இல் தொடங்கப்பட்டது யானுக்குப் பக்கத்தில், ஜெராய் மலையின் மறுபுறம் இருக்கும் குரூணில். இன்று சந்தைக்கு வரும் புதிய ஸ்கூட்டர்கள் சிலவற்றில் கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் திரை இருக்கிறது. அழைப்பு வந்ததையும் தகவல் வந்ததையும் வேகமானிக்குப் பக்கத்தில் அது காட்டும். இதை முன்னேற்றம் என்று விளம்பரம் செய்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. சட்டைப் பையில் கிடந்த கவனச்சிதறலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே இணைப்பில்தான் தீர்வும் இருக்கிறது. மோட்டாரும் கைப்பேசியும் ஒன்றோடொன்று பேச முடியுமானால், சக்கரம் சுழலத் தொடங்கியதும் கைப்பேசியைப் பூட்டு என்ற ஒரு கட்டளையையும் அனுப்ப முடியும். காரில் எழும் பயணிச் சிக்கல் இங்கே அவ்வளவாக இல்லை. வண்டியோடு இணைந்திருப்பது ஓட்டுகிறவரின் கைப்பேசி. விளக்கின் சுவிட்சை எடுத்த கைகள் இதையும் செய்யலாம். குரூணிலேயே தொடங்கலாம்.

லோரி, பஸ் விஷயத்தில் அரசாங்கம் ஏற்கெனவே இந்த வழிக்கு வந்துவிட்டது. 2025 ஜூன் மாதம் கெரிக்கில் நடந்த பஸ் விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி படிப்படியாகக் கட்டாயமாகிறது. ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி குறித்த வேகத்தைத் தாண்டாது. வேகத்தை ஓட்டுநரின் நல்ல மனத்துக்கு விட முடியாது என்று ஒப்புக்கொண்ட அரசு, கைப்பேசியை மட்டும் அந்த மனத்துக்கு விட்டுவைப்பதில் பொருத்தமில்லை. ஓட்டுநரின் கண் சாலையை விட்டு விலகினால் எச்சரிக்கும் கருவியை 2024 ஜூலை முதல் புதிய வாகன வகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது. நாற்பது உயிர்களைச் சுமக்கும் விரைவு பஸ்ஸுக்கு இங்கே அது வேண்டாமா?

சாலையோரக் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில் கைப்பேசியைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை முதன்முதலாகப் பணியில் இறக்கியது. உயரத்திலிருந்து முன்கண்ணாடி வழியாக, இரவிலும் பகலிலும் படம் எடுக்கும். செயற்கை நுண்ணறிவு சந்தேகத்துக்குரிய படங்களைப் பிரிக்கும். பிறகு மனிதர் பார்த்து உறுதி செய்வார். அதற்கு முந்தைய சோதனைக் கட்டத்தில் மட்டும் 85 இலட்சம் வாகனங்களைப் பார்த்து, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களைக் கைப்பேசியோடு கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 85 பேருக்கு ஒருவர். நம் நாட்டிலும் இது முடியும். கறுப்புக் கண்ணாடி ஒட்டினாலும் முன்கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும் என்பதே விதி. ஆனால் இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. 2012இல் 14 கேமராக்களோடு ஏஇஎஸ் எனும் தானியங்கி அமலாக்க முறை தொடங்கியபோது, சம்மன் பணத்தில் தனியார் நிறுவனங்களுக்குப் பங்கு என்பதால் மக்கள் அதைப் பாதுகாப்பாகப் பார்க்கவில்லை, வசூலாகப் பார்த்தார்கள். அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இன்னொன்று, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. காருக்குள் யார் யாரோடு உட்கார்ந்திருந்தார் என்று காட்டும் படங்களை அரசு எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாரிடம் கொடுக்கலாம் என்பதற்கு எழுதிய வரம்பு வேண்டும். குற்றம் இல்லாதவை என்று ஒதுக்கிய படங்களை நியூ சவுத் வேல்ஸ் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிடுகிறது. அப்படி ஒரு விதி எழுதிய பிறகு கேமரா வரட்டும். கைப்பேசிப் பூட்டுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. அது யாரையும் படம் எடுப்பதில்லை. யாரிடமும் தானாகப் போய்ப் புகார் சொல்வதில்லை.

என் பணத்தில் வாங்கிய கைப்பேசியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அரசு சொல்வதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1973இல் தலைக்கவசத்துக்கும், 1979இல் முன்னிருக்கை வார்ப்பட்டைக்கும் இதே கேள்வி பொருந்தியிருக்கும். அவை அணிகிறவரின் சொந்த உயிரைக் காத்தன. கைப்பேசிப் பூட்டு எதிரே வருகிறவரின் உயிரைக் காக்கிறது. ஆகவே அதன் நியாயம் இன்னும் கூடுதல். இதைச் செய்ய நாடாளுமன்றத்தில் பெரிய சட்டம்கூட வேண்டாம். மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு கைப்பேசியும் சிரிம் சான்றிதழ் பெற வேண்டும். ஓட்டும்போது இயங்கும் பூட்டு, தானாக இயங்கும் நிலையில் வந்தால்தான் சான்றிதழ் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். 2017 முதல் விற்கும் கைப்பேசிகளில் ஆபத்து உதவிப் பொத்தான் இருக்க வேண்டும் என்று 2016இல் இந்தியா ஆணையிட்டது. கோடிக்கணக்கான கைப்பேசிகள் புழங்கும் சந்தைக்கு அப்படி ஒரு நிபந்தனை போட முடிந்திருக்கிறது. நம் சந்தை சிறியது, தயாரிப்பாளர்கள் கேட்பார்களா என்பார்கள். கேட்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஆசியான் நாடுகளோடு சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம்.

அந்த நிபந்தனை வரும்வரை இதைப் படிக்கிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே என்ற பொருளில் இருக்கும் வசதியைத் தேடி, அது தானாக இயங்கும்படி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. வீட்டில் புதிதாக மோட்டார் லைசென்ஸ் எடுத்த பிள்ளை இருந்தால், நாளைக் காலை சாவியைக் கொடுப்பதற்கு முன் அவனுடைய, அவளுடைய கைப்பேசியிலும் அதைச் செய்து கொடுங்கள்.